ஒகேனக்கல் ஆற்றுத் திட்டுக்கு ஒரு நாள்: கிளம்புவது முதல் திரும்புவது வரை

ஆடி பிறந்துவிட்டால் செய்திச் சேனல்களின் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பிக்கும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. மேலே செம்மண் நிறத்தில் காவிரி பொங்கி வரும். பாறைகள் எதுவும் தெரியாது. சேனலைத் திருப்பினால் பழைய சினிமாப் பாட்டு ஏதாவது ஒன்றில் அதே ஆறு பச்சையாக, சாதுவாக, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே பரிசலைத் தாங்கிக்கொண்டு நிற்கும். தமிழ்நாட்டில் வீட்டுக்குள் இருந்தபடியே எல்லோரும் பார்த்துவிட்ட இடம் இது.

ஆனால் நேரில் போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். காரணம், டிவியில் வெள்ளம் காட்டும் வாரத்தில்தான் ஆசை வருகிறது. அந்த வாரத்தில் ஆற்றின் நடுவே இருக்கும் மணல் திட்டுக்கும் பாறைத் திட்டுகளுக்கும் போகவே முடியாது. ஒகேனக்கல்லின் அழகு அருவியில் பாதிதான். மீதிப் பாதி அந்தத் திட்டுகளில் இருக்கிறது. காவிரி இங்கே ஒரே ஆறாக வராமல் பாறைகளைச் சுற்றிப் பல கிளைகளாகப் பிரிந்து, விழுந்து, மறுபடி சேர்கிறது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட நிலமெல்லாம் தீவு. பரிசலில் போய் அங்கே கால் வைத்தால்தான் பயணம் முழுமையாகும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் நீர்வரத்தைப் பாருங்கள்

பயணத்தைத் தீர்மானிப்பது உங்கள் லீவு இல்லை, பிலிகுண்டுலு. அஞ்செட்டி வட்டத்தில், கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது அது. மத்திய நீர்வளக் குழுமம் ஆற்றின் ஓட்டத்தை அங்கேதான் அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தத் தண்ணீர் கணக்கில் ஏறும் இடமும் இதுதான். ஒகேனக்கல் அங்கிருந்து ஆற்றோட்டத்தில் கீழே இருக்கிறது. செய்திகளில் நீர்வரத்து என்று வருவது பெரும்பாலும் இந்த அளவுதான்.

ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். 1,000 கன அடி என்று செய்தியில் வந்தால், ஒவ்வொரு விநாடியும் 28,000 லிட்டர் உங்களைக் கடந்து போகிறது என்று பொருள். 10,000 என்றால் இரண்டேமுக்கால் லட்சம் லிட்டருக்கும் மேல். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், தடை போடும்போது அதிகாரிகள் மேல் கோபம் வராது.

எண்ணைவிட முக்கியம் அது போகும் திசை. இன்று 6,000, நேற்று 9,000 என்றால் ஆறு இறங்குகிறது, கிளம்பலாம். இன்று 6,000, நேற்று 3,000 என்றால் கொஞ்சம் பொறுங்கள். கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்துவிடும் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் பிலிகுண்டுலு வந்து சேரும். அதனால் கர்நாடக அணைகளில் உபரி நீர் திறப்பு என்று செய்தி வந்தால், அடுத்த இரண்டு நாளைக்கு ஒகேனக்கல்லை மறந்துவிடுங்கள். குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்தால் நம்மூரில் வெயில் காய்ந்தாலும் ஆறு ஏறும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாத இடம் இது.

10,000-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் தள்ளிப்போடுங்கள் என்பது என் யோசனை. தடை போடுவதும் எடுப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் முடிவு. அன்றைய நிலவரத்தைக் கிளம்பும் காலையில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். வெள்ளம் அதிகமானால் பென்னாகரம் தாண்டி மடம் சோதனைச் சாவடியிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்புவதும் உண்டு.

எந்த மாதம், எந்த நாள்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஐப்பசியில் தொடங்கி மாசி வரை நல்ல காலம். தண்ணீரில் கலங்கல் குறைந்து பச்சை தெரிய ஆரம்பித்திருக்கும், வெயிலும் தாங்கும். எனக்குப் பிடித்தது மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழையில் ஓரிரு நாள் ஆறு திடீரென்று ஏறலாம், அதற்குத்தான் மேலே சொன்ன எண்.

பங்குனி, சித்திரையில் ஆறு ஒடுங்கிவிடும். பாறைகளின் உடம்பு முழுக்கத் தெரியும் காலம் அது. அழகுதான், ஆனால் பத்து மணிக்கு மேல் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் அந்தச் சூட்டில் கூட்டிப்போக வேண்டாம்.

ஆடிப் பதினெட்டு தனிக்கதை. பெருக்கு நாளில் புதுத் தாலி மாற்றிக்கொள்ளப் புதுமணத் தம்பதிகளும், சாமி சிலைகளை நீராட்ட ஊர் ஊராகக் கிளம்பி வருகிறவர்களும் கரையை நிறைத்துவிடுவார்கள். அதைப் பார்க்கப் போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் திட்டுக்குப் போகும் நினைப்போடு அன்றைக்குப் போகாதீர்கள்.

முடிந்தால் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெங்களூரு வண்டிகளும் சேலம் வண்டிகளும் ஒன்றாக வந்து இறங்கும். பரிசலுக்கு நிற்கும் நேரம், பரிசலில் இருக்கும் நேரத்தைத் தாண்டிவிடும்.

வழி

தருமபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக சுமார் 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து நேர் பஸ் உண்டு. கிடைக்காவிட்டால் பென்னாகரம் போய் மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து 16 கிலோமீட்டர்தான். ரயிலில் வருகிறவர்களுக்கு தருமபுரி ஸ்டேஷன் வசதி, ஓசூர் வழியாகச் செல்லும் பெங்களூரு–சேலம் பாதையில் இருக்கிறது.

கிருஷ்ணகிரிக்காரர்கள் நெடுஞ்சாலையில் தருமபுரி வந்து திரும்புவதே எளிது. ஓசூர்க்காரர்களுக்கு இரண்டு வழி. ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக இறங்கிப் பென்னாகரம் வருவது ஒன்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுக்குள்ளேயே வருவது இன்னொன்று. இரண்டாவது வழியை மனதாரச் சொல்வேன், பகலில் மட்டும். 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அந்தப் பக்கம்தான். யானை நடமாட்டமுள்ள காடு. வழியில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பது, சாப்பிடுவது எல்லாம் கூடாது. மாலை ஐந்துக்கு மேல் அந்தப் பாதையில் டூவீலரில் போகவே போகாதீர்கள்.

பென்னாகரத்தைத் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கும். கணவாய் வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வேன்கள் கவிழ்ந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் வெளியூர் வண்டிகள், ஆட்களை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, திரும்பும் அவசரத்தில் போனவை.

பையில் என்ன இருக்க வேண்டும்

மாற்று உடை, துண்டு, கால்களில் இறுக்கமாக நிற்கும் செருப்பு. ஹவாய் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும். செல்போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று. குடிநீர் பாட்டில், அதைத் திருப்பிக் கொண்டுவர மனசு. பணம் சில்லறையாக இருக்கட்டும், பள்ளத்தாக்கில் சிக்னலை நம்பி ஃபோனில் கட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள். தங்க நகை வேண்டாம். எண்ணெய்க் கையோடும் அருவித் தண்ணீரோடும் மோதிரம் கழன்று போவது ரொம்பச் சாதாரணம். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் பையோடு பறித்துவிடும்.

போய் இறங்கியதும்

எட்டரை, ஒன்பதுக்குள் அங்கே இருங்கள். இறங்கியதும் எல்லோரும் செய்வது நேராக மெயின் அருவிக்குப் போய் நனைவது. நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் பரிசல், பிறகு மசாஜ், குளியல், கடைசியில் சாப்பாடு. காலையில் பரிசல் துறையில் கூட்டம் இருக்காது, வெயிலும் பாறைச் சுவர்களுக்கு மேலேதான் நிற்கும். குளித்த பிறகு பசி கடுமையாக எடுக்கும். சாப்பிட்டுவிட்டுக் குளிக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

போகும்போதே சமையல்கார அம்மாக்களிடம் மீன் சொல்லிவிட்டுப் போகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

பரிசல்

சின்னாறு, மாமரத்துக்கடவு என்று பரிசல் துறைகள் இருக்கின்றன. எங்கிருந்து விடுகிறார்கள், எந்தத் தடம் என்பது அன்றைய தண்ணீரைப் பொறுத்தது. கட்டணப் பலகையைப் பாருங்கள், கவுண்டரில் டிக்கெட் வாங்குங்கள். பஸ் நிலையத்திலேயே ஓடி வந்து, “சார், தனியா கூட்டிட்டுப் போறேன், எல்லா எடமும் காட்டுறேன்” என்று சொல்கிறவரோடு போக வேண்டாம். கவுண்டரில் எடுத்தால் யார் எந்தப் பரிசலில் போனார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கும். ஆற்றில் ஏதாவது ஆகிவிட்டால் தேடுகிறவர்களுக்கு அந்தக் கணக்குதான் துணை.

ஏறுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: எங்கே வரை போகும், மணல் திட்டில் இறக்குவாரா, எவ்வளவு நேரம் நிற்கலாம். சவாரி சுமார் ஒரு மணி நேரம். திட்டில் நிற்கும் நேரம் அதில் சேருமா, தனியா என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் ஏறுவதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கொடுக்கிறார்களே என்று தோளில் மாட்டிக்கொண்டால் போதாது. பட்டைகளை எல்லாம் போட்டு இறுக்கிவிட்டு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். முகவாய்க்கு மேல் ஏறி வந்தால் அது உங்களுக்குப் பெரிது, வேறு கேளுங்கள். குழந்தைகளுக்கு இதை நீங்களே சோதித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஆறு மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அந்தப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழம் அதிகம், நீந்தத் தெரியும் என்பது அங்கே பெரிய தகுதி இல்லை. முதலைகள் வாழும் ஆறும்கூட.

பரிசல் என்பது பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வட்டக் கூடை. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்துத் தார் பூசுகிறார்கள். விட்டம் ஆறேழு அடி. உள்ளே பலகை இருக்காது, விளிம்பில் முதுகைச் சாய்த்துக் குத்துக்காலிட்டோ சம்மணமிட்டோ உட்கார வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று பரிசல்காரர் ஆளின் எடையைப் பார்த்துச் சொல்வார். கணவன் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும், பிள்ளை மடியில் வேண்டும் என்று இடம் மாற்றாதீர்கள். ஒருவர் சட்டென்று எழுந்தால் எதிர்ப்பக்க விளிம்பு தண்ணீரிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

ஒற்றைத் துடுப்புதான். பரிசல்காரர் முன் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கமாக இழுத்து இழுத்துப் போவார். துடுப்பை ஒரு பக்கம் மட்டும் போட்டால் பரிசல் சுழலும். “சுத்தி விடட்டுங்களா?” என்று கேட்பார். தலைசுற்றல் உள்ளவர் யாராவது இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார். சரி என்று சொன்னால் நாலைந்து சுற்றில் பாறைச் சுவர், வானம், அருவியின் வெள்ளை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் சத்தம் மாறும். அருவியின் இரைச்சல் இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வரும். நீர்த்தூள் முகத்தில் படும். பாறைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், அடுக்கடுக்காக, கறுப்பும் பழுப்புமாக இருக்கும். ஒகேனக்கல் வட்டாரத்தில் கிடைக்கும் கார்பனடைட் என்னும் அபூர்வப் பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். படப்பிடிப்புகளால் சினி ஃபால்ஸ் என்றே பெயர் நிலைத்துவிட்ட அருவி, ஐந்தருவி, கொத்திக்கல் பாறை, பெரியபாணி என்று பரிசல்காரர் காட்டிக்கொண்டே வருவார். கேள்வி கேளுங்கள். எந்தப் பாறைக்கு அடியில் சுழல், எவ்வளவு தண்ணீர் வந்தால் எந்த வழி மூடும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நடுவழியில் இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், அதில் ஒரு கடை முழுக்க இருக்கும், சிப்ஸும் கூல்டிரிங்ஸுமாக.

தண்ணீர் குறைந்த நாட்களில் சில தடங்களில் பாறை குறுக்கிடும். எல்லோரும் இறங்கி நடக்க வேண்டியதுதான். பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு அந்தச் சூட்டுப் பாறையில் நமக்கு முன்னால் போய்விடுவார். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால்களும் மேலே ஒரு பெரிய கூடையும்தான் தெரியும். டிவி காட்டாத வேலை இது. இறங்கும்போது டிக்கெட் காசுக்கு மேல் அவர் கையில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

திட்டில் இறங்கிய பிறகு

மணல் திட்டில் செய்வதற்கு எதுவும் இல்லை, அதுதான் அதன் சிறப்பு. கடையும் மேடையும் கிடையாது. மணல், வழவழவென்று உருண்ட கூழாங்கற்கள், பாறை இடுக்குகளில் தேங்கிய தண்ணீர், அக்கரையில் கர்நாடகக் காடு. காலை நேரமென்றால் நீர்க்காகங்கள் பாறையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

பரிசல்காரர் காட்டும் இடத்தைத் தாண்டித் தண்ணீரில் இறங்காதீர்கள். மணல் கரை ஓரத்தில் சாய்வாக இருப்பதாகத் தோன்றும், இரண்டு எட்டு வைத்தால் கால் எட்டாது. பாசி பிடித்த பாறை எது என்று பார்த்தாலே தெரியும், கரும்பச்சையாக மினுங்கும். செல்ஃபிக்காகப் பின்னால் நடக்கவே கூடாது. மேலே எங்கோ தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் ஆற்றின் நிறம் மாறும், மிதந்து வரும் குப்பை, நுரை கூடும். பரிசல்காரர் “கெளம்பலாம்” என்றால் இன்னும் அஞ்சு நிமிஷம் என்று கெஞ்சாமல் ஏறிவிடுங்கள்.

இன்னொன்று. பாட்டில் உடைப்பதற்கும் சோப்பு, ஷாம்பு பாக்கெட்டைப் போட்டுவிட்டு வருவதற்கும் அது இடமில்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. பல்லில் கறை விழுந்து, எலும்பு வளைந்து தலைமுறைகள் கஷ்டப்பட்ட பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-ல் திறந்தார்கள். இன்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர். அதில் நீங்கள் எறிவது உங்கள் வீட்டுக் குடத்துக்கு வருகிறது என்று பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொல்லிக்கொடுங்கள்.

மசாஜ், குளியல்

திரும்பி வந்தால் மசாஜ்காரர்கள் எண்ணெய்ப் பாட்டிலோடு காத்திருப்பார்கள். விலையையும் எண்ணெயையும் முன்பே பேசிவிட்டு உட்காருங்கள். தட்டித் தட்டி, முறுக்கி, நெட்டி எடுத்து உடம்பைக் கழற்றி மாட்டுவார்கள். கழுத்துவலி, முதுகுத்தண்டுப் பிரச்சினை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் சொல்லிவிடுங்கள், கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள்.

மெயின் அருவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி. எண்ணெய் தேய்த்தவர்கள் நின்றுவிட்டுப் போன தரை என்பதால் ஒவ்வோர் அடியும் கம்பியைப் பிடித்தபடிதான். உடை மாற்றும் அறையில் வரிசை நிற்கும், பெண்கள் எளிதில் மாற்றக்கூடிய உடையாகக் கொண்டுபோவது நல்லது.

மீன்

கட்லா, ரோகு, ஜிலேபி, வாளை என்று அன்றன்று பிடித்தது கடையில் இருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை திரும்ப எழ வேண்டும். வாங்கிச் சமையல்கார அம்மாக்களிடம் கொடுத்தால் சுத்தம் செய்து, குழம்பும் வறுவலுமாகப் போட்டுக் கூலி வாங்கிக்கொள்வார்கள். “அக்கா, காரம் கொஞ்சம் கம்மியா” என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் குழந்தைகள் பாடு திண்டாட்டம்தான். நான் வறுவலைவிடக் குழம்பைத்தான் சொல்வேன். விறகடுப்பில் புளி சுண்டி எண்ணெய் மேலே மிதந்த பிறகு இறக்குவார்கள். சுடுசோற்றில் ஊற்றிக்கொண்டால் வேறு கூட்டு தேவைப்படாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பென்னாகரத்திலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு வருவது உத்தமம்.

நேரமிருந்தால் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையத்தை ஒரு சுற்றுப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

திரும்புதல்

நாலு, நாலரைக்குக் கிளம்பிவிடுங்கள். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கியபோதே திரும்பும் பஸ் நேரங்களைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். கோடையில் யானைகள் தண்ணீருக்காக ரோட்டைக் கடக்கும் நேரம் சாயங்காலம். எதிரில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் பளிச்சிடாமல், தூரத்திலேயே நிறுத்துங்கள். அது போகும் வரை காத்திருங்கள்.

பரிசல் நிறுத்திவிட்டால்

எல்லாம் பார்த்துக் கிளம்பியும் பரிசல் இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்கும் ஒரு திட்டம் கையில் வைத்திருங்கள். பார்வைக் கோபுரத்திலிருந்து ஆற்றைப் பார்த்துவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சீக்கிரமே மேலே ஏறிவிடுங்கள். பென்னாகரத்திலிருந்து திரும்பும் வழியைக் கொஞ்சம் மாற்றினால் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்டச் சிறையில் தொழுநோய் பற்றி, வெளியே வந்த பிறகு ரயிலில் ஏறவும் அனுமதி மறுக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா, கடைசியில் தங்கி, 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று அவர் நிலம் வாங்கி, ஊர் ஊராக நிதி திரட்ட அலைந்தார். அவர் காலத்தில் நடக்கவில்லை. இப்போது அங்கே அவருடைய மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் இருக்கின்றன. அரை மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம், அங்கிருந்து தருமபுரிக்கு பஸ் உண்டு.